ஐந்து மணி நேரம் ஓடிய 'மெய்யழகன்'

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்திமடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)

தண்ணீர்த் தொட்டி கழுவும் கணக்கு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு, மாடிப்படியில் செருப்பு விடுகிற தகராறு எல்லாம் முடிந்தது. இனி எழுந்து போகலாமா என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிற நேரத்தில் என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். போண்டா வருகிற வரைக்கும் பேசலாம் என்று செயலாளர் சொன்னார். ஆகவே நான் எவ்வளவு நேரம் பேசுவேன் என்பது மாஸ்டர் கையில் இருக்கிறது.

"நீங்கள்தான் வீட்டில் உட்கார்ந்து நிறையப் படம் பார்க்கிறீர்களே, அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார்கள். அதில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது, பரவாயில்லை. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எந்தப் படத்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்திய கை இது, ஓய்வு கொடுத்தாயிற்று. எந்தப் படத்தை யாரோடு உட்கார்ந்து பார்த்தேன், பார்க்கும்போது வீட்டில் என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம்ம பக்கத்துப் படம். 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி வந்தது. '96' எடுத்த பிரேம்குமார் எடுத்தது. தியேட்டருக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். நீளமாக இருக்கிறது என்று பலரும் சொன்னதால், சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. அதே படம் எங்கள் வீட்டில் ஐந்து மணி நேரம் ஓடியது. மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டோம். முடிந்தபோது கீழே பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

பார்த்தவர்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், எண்பத்தொரு வயது அத்தை, அப்புறம் உறைமோர் வாங்க வந்த பி-1 அக்கா. அக்கா கையில் கிண்ணத்தோடு நின்றபடியே பத்து நிமிடம் பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். உறைமோர் ராத்திரிதான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுவிட்டு ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, அதாவது அரவிந்த்சாமி, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். யார் இவர், பெயர் என்ன என்று அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. படம் முழுக்க இவ்வளவுதான். சண்டை இல்லை, வில்லன் இல்லை.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்கிற இடத்தில், அத்தை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரை நேரமோ என்று நினைத்தேன். "ஏம்மா, வாசக் கதவ கடைசியா யாரு சாத்துனா?" என்று கேட்டார்கள். படத்திலா என்றேன். "நம்ம வீட்டுல" என்றார்கள்.

உங்களில் சிலருக்குத் தெரியும், நாங்கள் பாப்பாநாட்டுப் பக்கம் கிராமத்து வீட்டில் இருந்தவர்கள். கஜா புயலில் ஓடெல்லாம் போய், பாதிச் சுவரும் போய், ஒரு வருஷம் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, கடைசியில் மனைக்கட்டோடு விற்றுவிட்டு இங்கே வந்தோம். ஒரத்தநாட்டில் அபார்ட்மென்ட்டா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வந்த நாளிலிருந்து அத்தை அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டார்கள், நல்லதுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கதவைச் சாத்தியது என் வீட்டுக்காரர். அத்தை அதற்கு முன்பே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இவர் அதைச் சொன்னார். உடனே அத்தை, "மரக்கா உள்ளயே கெடக்கு" என்றார்கள். நெல் அளக்கிற மரக்கால். குதிர் மூலையில் கவிழ்த்து வைத்ததாம். அவர்களுடைய மாமியார் காலத்துப் பித்தளைப் பூண் போட்டது. இத்தனை வருஷமாக அந்த மரக்கால் அவர்கள் மனசுக்குள் அதே மூலையில் கவிழ்ந்தே கிடந்திருக்கிறது. படம் முக்கால் மணி நேரம் நின்றது. அந்தக் குதிர் எத்தனை கலம் பிடிக்கும், எந்த வருஷம் நிறைந்தது, எந்த வருஷம் புதாற்றில் தண்ணீர் வராமல் காலியாகக் கிடந்தது என்று எல்லாம் வந்தது. பி-1 அக்கா தன் பங்குக்குத் திருவோணம் பக்கம் இருந்த அவர்கள் அம்மா வீட்டுத் திண்ணையைச் சொன்னார்கள். திரையில் பாவம், கதாபாத்திரங்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

படம் பார்க்காதவர்கள் இப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் அருள் குடும்பம் போகும்போது ஒரு சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறது. அந்தச் சைக்கிள்தான் கார்த்தி வீட்டாரைக் கரையேற்றியது என்று பிற்பாடு தெரிகிறது. அந்த இடம் வந்தபோது அத்தை மகன் முகத்தைப் பார்த்தார்கள். மறுநாள் இவர் வீட்டை வாங்கியவருக்கு போன் போட்டார். மரக்கால் பத்திரமாக இருக்கிறதாம். கோழித் தீவனம் அளக்கிறார்களாம். எனக்குச் சுருக்கென்று இருந்தது, எப்படிச் சொல்வது என்று. அத்தையோ, "அளக்குறாங்கல்ல? சும்மா கெடந்தாத்தான் வருத்தம்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்கள்.

ஆகையால் அந்தப் படம் நீளமா என்று என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தியேட்டரில் நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நாலு ஆட்டம் ஓட்ட வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு, அது அவர்கள் நியாயம். வீட்டில் நம் கையில் ரிமோட் இருக்கிறது. அதில் தள்ளி விடுகிற பட்டனும் இருக்கிறது, நிறுத்துகிற பட்டனும் இருக்கிறது. நம்மில் நிறையப் பேர் முதல் பட்டனைத்தான் தேய்த்து வைத்திருக்கிறோம்.

படத்தில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. அந்த இரவு முழுக்க இரண்டு ஆண்களும் குடித்துக்கொண்டு பேசுவது ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே கார்த்தியின் மனைவி நிறைமாதமாக இருக்கிறாள், வந்த விருந்தாளிக்கு வேண்டியது நடந்துகொண்டே இருக்கிறது. அது எந்தக் கையால் நடக்கிறது என்று படம் அதிகமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. கார்த்தி கெட்டதே நினைக்காத மனுஷராக இருப்பதும் கொஞ்சம் அதிகப்படி. அப்புறம் அந்தச் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட சொந்தக்காரர்களை நாம் நெருக்கத்தில் பார்ப்பதே இல்லை. நம்ம பக்கத்தில் பாகப்பிரிவினை வழக்கு என்றால் எதிராளி அடுத்த கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். அந்த இலையைக் காட்டியிருந்தால் படம் இன்னும் நம்முடையதாக இருந்திருக்கும்.

ஆனால் பெயர் தெரியாத விஷயத்தை அவர் பிடித்த விதம் இருக்கிறதே, அது இந்த ஊர்க்காரருக்குத்தான் வரும். நம்மிடம் முறை சொல்லிக் கூப்பிடுவதற்கு அத்தனை வார்த்தை இருப்பதால் பெயரே தேவைப்படுவதில்லை. மன்னார்குடி அத்தை, பட்டுக்கோட்டை மாமா, ஊரணிபுரம் சின்னம்மா. செத்த பிறகு போஸ்டர் ஒட்டும்போதுதான் மாமாவின் பெயரே தெரிகிறது. ஒருவர் பெயரைக் கேட்காமலே அவர் வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, அழுதுவிட்டு வரலாம் என்பது டெல்டாவில் நடக்காத விஷயமில்லை. அபார்ட்மென்ட்டுக்கு வந்த பிறகு முறையும் போய்விட்டது. ஏ-3 டாக்டர், சி-2 சார், பி-1 அக்கா என்று கதவு நம்பரில் நிற்கிறோம். இப்போது நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன். செய்திமடலில் பெயர் போட வேண்டாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார், அது வேறு விஷயம்.

இதே இயக்குநரின் '96' படத்தை எங்கள் வீட்டில் இரண்டு தடவை பார்த்தோம். ஒரு தடவை கண்ணால், ஒரு தடவை காதால். 2018 அக்டோபரில் வந்த படத்தை அடுத்த மாதமே தீபாவளியன்று சன் டி.வி.யில் போட்டுவிட்டார்கள். தியேட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படிப் போடலாமா, பொங்கலுக்குத் தள்ளிவைக்கக் கூடாதா என்று த்ரிஷாவே கேட்டுக்கொண்டார். டி.வி.யில் வந்ததால் எங்களைப் போன்றவர்களுக்கு லாபம். கிராமத்து வீட்டு ஹாலில் பதினொரு பேர் உட்கார்ந்து பார்த்தோம். பத்தே நாளில், நவம்பர் 16 விடியற்காலை, கஜா வந்துவிட்டது.

அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்த நாள். கம்பமெல்லாம் விழுந்து எங்கள் ஊருக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனுக்குச் சார்ஜ் போட வாடகை ஜெனரேட்டர் பக்கத்தில் வரிசை நின்றது. சாயங்காலம் ஆறரைக்கே ஊர் இருட்டிவிடும். குழந்தைகள் பயந்து அழும்.

அப்போது அத்தைதான் படம் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்கைத் திரி குறைத்து வைத்துவிட்டு, '96' கதையை முதலிலிருந்து சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்ன '96' வேறு. படத்தில் ராமின் குடும்பம் கடனால் ராவோடு ராவாகத் தஞ்சாவூரை விட்டுப் போவது சட்டென்று முடிந்துவிடும். அத்தை அந்த இடத்திலேயே மூன்று ராத்திரி நின்றார்கள். என்ன கடன், யாரிடம் வாங்கினது, அண்டா குண்டானை எதில் ஏற்றினார்கள், மாட்டை என்ன செய்தார்கள். ஜானு அவனைத் தேடியது, இருவரும் பெரியவர்களாகிச் சந்தித்தது எல்லாம் நாலாம் நாள் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. விஜய் சேதுபதிக்கு அத்தை வாயில் அரை நிமிட வேஷம். சினிமாவைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும் விட அதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் எந்த இடத்தில் நின்று சொல்கிறாரோ, அதுதான் அவருக்கு அந்தப் படம். அவர்கள் அப்போது எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது தலைக்கு மேல் ஓடில்லாத அந்த வீட்டில் எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

இனி மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போண்டா வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

'தில்லானா மோகனாம்பாள்' வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் வீட்டில் ஓடும். 1968-இல் வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கன்னத்தை உப்பி, விரலை ஓட்டுவதை எல்லோரும் சொல்வார்கள். சூரக்கோட்டையில் பண்ணை வீடு வைத்திருந்தவர், நம்ம ரோட்டுக்காரர், விட்டுக்கொடுக்க முடியாது. வாசித்த கைகள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையவை. ஆனால் அத்தைக்கு அந்தப் படம் ஜில்ஜில் ரமாமணியின் படம். மனோரமா பிறந்தது மன்னார்குடி, அந்தப் பாசமும் உண்டு. எல்லோராலும் கேலியாகப் பார்க்கப்படுகிற நாடகக்காரி, அவள்தான் அந்தக் கூட்டத்திலேயே தெளிவான மனசுக்காரி என்பது அத்தை கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று.

'ஜெய் பீம்' 2021 நவம்பரில் நேராக அமேசான் பிரைமுக்கே வந்தது. காவல் நிலையக் காட்சிகளை அத்தையால் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விட்டார்கள். நான் நிறுத்தி வைத்தேன். திரும்பி வந்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மறுபடி போய்விட்டார்கள். மூன்றாவது தடவை வந்து உட்கார்ந்து, கோர்ட்டுக் காட்சிகளை முழுக்கப் பார்த்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வர வீடு இடம் கொடுக்கிறது. தியேட்டரில் அந்த வசதி கிடையாது.

'மண்டேலா' 2021 ஏப்ரல் 4-ஆம் தேதி விஜய் டி.வி.யில் முதலில் வந்தது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு. ஊரில் ஒரே ஒரு ஓட்டு யார் பக்கம் என்று இரண்டு கோஷ்டி அடித்துக்கொள்ளும் படம். நம் சங்கத் தேர்தல் நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

'பொன்னியின் செல்வன்' எனக்குப் பிடித்தது. அத்தைக்கு இல்லை. தாய்லாந்து, ஓர்ச்சா என்று எங்கெங்கோ போய் எடுத்தது. "சோழ நாடுங்குறான், வயக்காட்டக் காணுமே" என்றார்கள். பாட்டுக்காகவும் குந்தவைக்காகவும் நான் இரண்டாம் தடவை பார்த்தேன், தனியாக.

இப்போது ஒரு சின்னப் புகார். நம் வாட்ஸாப் குழுவில் புதுப் படம் வந்த அன்று ராத்திரி "மொக்கை" என்று ஒரு வார்த்தை விழும். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்று கேட்டால் இருபது என்பார்கள். அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில், கையில் இன்னொரு போனோடு. பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. நானே இங்கே நிறையச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் மற்ற இருபது வீட்டிலும் படம் போடுவதில்லை. ஏ-3 டாக்டர் அம்மா, நம்ம கால்நடைக் கல்லூரியில் இருப்பவர்கள், 'மெய்யழகன்' பார்க்காததற்குக் காரணம் அந்த வார்த்தைதான் என்று என்னிடம் சொன்னார்கள். நான் மாட்டைப் பற்றி ஒரு வரி சொன்ன பிறகுதான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அந்த ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார்கள். அதற்கு முன்பு நாங்கள் இரண்டு பேரும் லிஃப்ட்டில் சிரித்துக்கொண்டது மட்டும்தான்.

அதனால் ஒரு யோசனை. பொது அறையில் ஸ்கிரீன் கட்டி எல்லோருமாகப் பார்க்கலாமா என்று தலைவர் ஆசையாகக் கேட்டார். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரிச் சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் அவர்கள் விதிமுறை சொல்கிறது. கூட்டம் கூட்டித் திரையிடுவதற்குத் தனியாக உரிமை வாங்க வேண்டும். சங்கத்துக்கு அந்தத் தலைவலி வேண்டாம். பார்ப்பது அவரவர் வீட்டில் இருக்கட்டும். பேசுவதை மட்டும் மொட்டை மாடியில் வைத்துக்கொள்வோம். டெக் வாடகைக்கு எடுத்துக் காதுகுத்துக்கு விடிய விடிய மூன்று படம் போட்ட காலத்தில், மறுநாள் நடவு வயலில் அதைப் பற்றித்தான் பேச்சு ஓடும். படத்தைவிட அந்தப் பேச்சு நன்றாக இருக்கும்.

முதல் படம் 'கடைசி விவசாயி'. மணிகண்டன் எடுத்தது, 2022-இல் வந்தது, சோனி லிவ்வில் போட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து நிஜ விவசாயி நல்லாண்டிதான் மாயாண்டியாக நடித்திருக்கிறார். படம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை. தேசிய விருதில் அவர் பெயரைச் சிறப்பாகச் சொன்னார்கள். குலதெய்வத்துக்குப் படைக்க நெல் போடுகிற கிழவரை, மயிலைக் கொன்றதாக வழக்குப் போட்டு உள்ளே வைக்கிறார்கள். அவர் பயிருக்குப் போலீஸ்காரர் தண்ணீர் விடுகிறார். மெதுவான படம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர் ஊரில் ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா என்று யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. நமக்கும் அவருக்கும் விவசாயமே வேறு. சி-2 சார் இன்னும் மூன்று மா சாகுபடி பண்ணுகிறார், அவர்தான் முதலில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அத்தையும் மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாராவது கைப்பிடித்துக் கடைசி எட்டுப் படியை ஏற்றிவிட வேண்டும், லிஃப்ட் அதுவரைக்கும் போகாது.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. வடாம் காயப்போடுகிறவர்கள் ஐந்தரைக்குள் பாயைச் சுருட்டிவிடுங்கள். அதோ, போண்டா வந்துவிட்டது.